ஆசையை மட்டும் பிய்த்தெடுத்தால் அது பௌத்தம் ஆகாது

“ஆசையே துன்பத்துக்குக் காரணம்.” பௌத்தம் என்றதும் நம்மில் பெரும்பாலோர் வாயில் வரும் ஒற்றை வரி இது. தவறென்று சொல்ல முடியாது. ஆனால் பன்னிரண்டு உறுப்புள்ள ஒரு தொடரில் எட்டாவதை மட்டும் உருவி எடுத்துவிட்டு, இதுதான் முழு மதம் என்கிறோம்.

அந்தப் பன்னிரண்டையும் மணிமேகலை தமிழிலேயே தருகிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். கண், காது முதலிய வாயில்களில் ஒரு பொருள் வந்து படுகிறது, அது ஊறு. இனிது, கசப்பு, இரண்டுமில்லை என்று ஏதோ ஒன்றாக அது உணரப்படுகிறது, அது நுகர்வு. அதற்குப் பிறகே வேட்கை. முன்னது இருந்தால் பின்னது வரும், முன்னது நின்றால் பின்னதும் நிற்கும். பௌத்தத்தைப் பற்றி உலவும் பிழையான கருத்துகளில் பெரும்பகுதி, இந்தச் சார்பைக் கழற்றிவிட்டு ஒரு துண்டை மட்டும் வைத்துப் பேசுவதால் வருபவை என்பது என் எண்ணம்.

ஆசையையே பாருங்கள். பாலி மொழியில் உள்ள பழைய பௌத்த நூல்கள் வேட்கையை மூன்றாகப் பிரிக்கின்றன: புலன் இன்பத்தின் மேல் வேட்கை, இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற வேட்கை, இல்லாமல் போய்விட வேண்டும் என்ற வேட்கை. மூன்றாவதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். எல்லாம் தொலைந்தால் போதும் என்ற வெறுப்பும் வேட்கைக் கணக்கில்தான் வருகிறது. பிறகு எப்படி இது வாழ்வை வெறுக்கச் சொல்லும் மதம் ஆகும்?

“ஆசையை ஒழிக்க ஆசைப்படுவதும் ஆசைதானே?” என்று மடக்குபவர்கள் உண்டு. புதிய கேள்வி இல்லை. கோசாம்பியில் ஒரு பிராமணர் புத்தரின் சீடர் ஆனந்தரிடம் இதையே கேட்டிருக்கிறார். “இந்தத் தோட்டத்துக்கு வர வேண்டும் என்ற விருப்பம் முன்பு இருந்தது, வந்து சேர்ந்ததும் அது அடங்கிவிட்டது அல்லவா?” என்று ஆனந்தர் திருப்பிக் கேட்டார். துன்பம் ஓய்வதற்கான வழியாகப் புத்தர் சொன்ன எண்வகை மார்க்கத்தில் நல்முயற்சிக்குத் தரப்படும் விளக்கமே ‘விருப்பத்தை உண்டாக்கிக்கொள்கிறான்’ என்றுதான் தொடங்குகிறது.

அடுத்து நான்கு வாய்மைகள். சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்குச் சொன்ன முதல் பேருரையில் ஒவ்வொரு வாய்மைக்கும் ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது. துன்பத்தை முழுமையாக அறிய வேண்டும். அதன் காரணத்தைக் கைவிட வேண்டும். அது ஓய்வதை நேரில் காண வேண்டும். வழியைப் பயின்று வளர்க்க வேண்டும். ‘இது வாய்மை, இதற்கு இந்த வேலை, வேலை முடிந்தது’ என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள், ஆக மொத்தம் 12. பயிற்சியில் சறுக்குவது பெரும்பாலும் முதல் வாய்மையிலேயே. அறிய வேண்டிய துன்பத்தைக் கைவிடப் பார்க்கிறோம். தியானத்தில் உட்கார்ந்ததும் முழங்கால் வலி போக வேண்டும், மனம் வெறுமையாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது இதனால்தான். வலியை வலியாகவும், அதன் மேல் எழும் ‘வேண்டாம்’ என்பதைத் தனியாகவும் பார்க்கப் பழகுவதே பயிற்சி. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் கத்தி வைக்கும் இடம் அது. மன அழுத்தம் குறைவது நல்லதுதான், ஆனால் அதற்காக இன்று கற்றுத்தரப்படும் நற்கடைப்பிடி (விழிப்புடன் கவனித்தல், ‘மைண்ட்ஃபுல்னஸ்’) எண்வகையில் ஏழாவது. நற்காட்சி, நல்வாய்மை (நல்ல பேச்சு), நல்வாழ்க்கை எதுவும் இல்லாமல் ஏழாவதை மட்டும் விற்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

எல்லாவற்றையும் துறந்தால்தான் பௌத்தமா? இல்லறத்தாரான அனாதபிண்டிகரிடம் புத்தர் நான்கு இன்பங்களைப் பட்டியலிட்டார்: நேர்மையாக ஈட்டிய பொருள் இருப்பது, அதை அனுபவிப்பது, கடன் இல்லாதிருப்பது, பழி இல்லாதிருப்பது. நான்காவதுதான் உயர்ந்தது என்றாலும், மற்ற மூன்றையும் அவர் இகழவில்லை. சிகாலன் என்ற இளைஞனுக்கு வரவுசெலவுக் கணக்கே சொன்னார்: வருவாயை நான்காகப் பிரி, ஒரு பங்கு செலவுக்கு, இரண்டு பங்கு தொழிலுக்கு, ஒரு பங்கு ஆபத்துக் காலத்துக்கு.

இப்போது கர்மா. அதிகம் சேதம் விளைவிக்கும் பிழை இங்கேதான். நோயாளியைப் பார்த்து, ஏழையைப் பார்த்து “போன பிறவிப் பாவம்” என்று சொல்லிவிட்டு அதற்குப் பௌத்தத்தையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். சிவகன் என்ற பரிவிராஜகன் (ஊர் ஊராகத் திரியும் துறவி) புத்தரிடம் நேராகவே கேட்டான்: மனிதன் அனுபவிப்பது எல்லாம் முன்வினையால்தான் என்கிறார்களே? புத்தர் எட்டுக் காரணங்களைச் சொன்னார். பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் கூடியது, பருவ மாற்றம், உடலைச் சரியாகப் பேணாதது, பிறர் தாக்குதல், கடைசியாக வினைப்பயன். எட்டில் ஒன்று! எல்லாமே முன்வினை என்பவர்கள் தாங்கள் அறிந்ததையும் மீறுகிறார்கள், உலகம் உண்மை என்று ஏற்றதையும் மீறுகிறார்கள் என்றார். இன்னோரிடத்தில் வாதம் இன்னும் கூர்மை. எல்லாம் முன்வினை என்றால் கொலைகாரன் கொல்வதும் முன்வினை; அப்படியானால் ‘இதைச் செய், இதைச் செய்யாதே’ என்பதற்கு இடமே இல்லை. எல்லாம் கடவுள் செயல், எல்லாம் காரணமற்றது என்ற கொள்கைகளையும் இதே அடியில் வீழ்த்துகிறார்.

அற்ப ஆயுளுக்கும் நோய்க்கும் வறுமைக்கும் முன்செயலைக் காரணம் காட்டும் சூத்திரமும் பௌத்த மூலநூல் தொகுப்பான திரிபிடகத்தில் இருக்கிறது; அதை மறைப்பது நேர்மையில்லை. ஆனால் அதை அடுத்தே வரும் சூத்திரம், ஒருவன் செய்ததற்கும் அடுத்து அவன் அடைவதற்கும் நேர்க்கோடு போட்டுவிடாதே என்று எச்சரிக்கிறது. தவிர, பௌத்தத்தில் வினை என்பது எண்ணம். உயிர்க்கொலை முழுமையாவதற்கு உரைநூல்கள் ஐந்து கூறுகளைக் கேட்கின்றன: உயிர், அது உயிர் என்ற அறிவு, கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் நேர்ந்த சாவு. தெரியாமல் எறும்பை மிதித்துவிட்டுப் பாவக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

“ஆன்மா இல்லை என்கிறார்கள், மறுபிறவி உண்டு என்கிறார்கள், முரண்பாடு” என்பது அடுத்தது. புத்தர் செய்தது ஒரு சோதனை. மனிதன் என்று நாம் சொல்வதில் அடங்கிய உருவம், நுகர்ச்சி, குறிப்பு (அடையாளம் காணல்), பாவனை (மன இயக்கங்கள்), அறிவு என்ற ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, ‘இது நான் என்றால் இது என் சொல் கேட்க வேண்டுமே, கேட்கிறதா?’ என்று பார்ப்பது. உடம்பு கேட்பதில்லை, மனநிலையும் கேட்பதில்லை. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றும்போது எந்தப் பொருளும் இடம் மாறுவதில்லை, ஆனாலும் இந்தச் சுடர் அந்தச் சுடரைச் சார்ந்தது. மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் என்ற பிக்கு தந்த விடை இது. வச்சகோத்தன் என்ற துறவி “ஆன்மா உண்டா?” என்றபோதும் “இல்லையா?” என்றபோதும் புத்தர் வாய் திறக்கவில்லை. ‘எதுவுமே இல்லை’ என்று அவர் வாயில் சொல் திணிப்பவர்கள் அந்த மௌனத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பௌத்தத்தைக் கலப்படமற்ற பகுத்தறிவாக்கும் ஆர்வம் நம்மிடம் அதிகம். படைப்புக் கடவுள் இல்லை என்பது சரி. ஆனால் தேவர்கள், பிரம்மாக்கள், நரகங்கள் என 31 உலகங்கள் பாலி நூல்களைப் பின்பற்றும் தேரவாத மரபில் உண்டு. அங்குள்ள தேவர்களும் சாகிறவர்கள், அவ்வளவுதான். காலாமர் என்ற மக்களுக்குப் புத்தர் சொன்ன, எல்லோரும் மேற்கோள் காட்டும் உரையில், எதை வைத்து ஒரு கருத்தை ஏற்காதே என்ற பத்தில் வெறும் தர்க்கமும் ஒன்று. அதை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்! (சிரிக்கும் தொந்திக்காரரும் புத்தர் அல்ல; அவர் சீனத்துப் பிக்கு புதாய்.)

புலால். புத்தர் மாமிசத்தை முற்றாக விலக்கினார் என்பது பிக்குகளின் ஒழுக்க விதிநூலான பாலி விநயத்தில் இல்லை. தனக்காகக் கொன்றதைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, சந்தேகமும் இல்லை என்றால் பிக்கு ஏற்கலாம். யானை, குதிரை, நாய், பாம்பு உள்ளிட்ட பத்து வகை மட்டும் ஆகாது. பிக்குகள் யாருமே மீனும் இறைச்சியும் உண்ணக்கூடாது என்று விதிக்கச் சொல்லிக் கேட்டவன் தேவதத்தன் என்ற பிக்கு, புத்தர் மறுத்தார். பிறகு வந்த மகாயானப் பிரிவின் இலங்காவதார சூத்திரம் புலாலைக் கடுமையாகக் கண்டிக்கிறது. சீன மடங்கள் சைவமானது அந்த வழியில். ஆனால் பாலி மரபிலேயே இல்லறத்தார் செய்யக்கூடாத ஐந்து வணிகங்கள் உண்டு: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. பிக்கு உண்ணலாம், உபாசகன் விற்கக்கூடாது என்றால் யாராவது ஒருவர் அந்தக் கடையை நடத்தத்தானே வேண்டும்? பிக்கு பிச்சையாக வருவதைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பது வழக்கமான பதில். இல்லறத்தாருக்கு அந்தப் பதில் போதாது என்பதே என் நிலை.