பானெட்டில் நான்கு கட்டம்

காருக்கு எந்த பாலிஷ் நல்லது என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாக எழுதி அலுத்துவிட்டது. அதனால்தான் இந்த நீளமான பதிவு. இதில் எனக்குப் படிப்பு ஒன்றும் கிடையாது. பத்து வயதான ஒரு கறுப்புக் கார், அதை வெட்டவெளியில் நிறுத்த வேண்டிய ஒரு மடிப்பாக்கம் தெரு, தலைக்கு மேலே ஒரு புங்கமரம். இந்த மூன்றும் கற்றுக்கொடுத்ததைத்தான் எழுதுகிறேன்.

கடையில் ‘பாலிஷ்’ என்று எடுத்துத் தருவதெல்லாம் பாலிஷ் இல்லை. பாலிஷ் என்றால் தேய்ப்பது. அதில் மாவு போன்ற உராய்பொருள் இருக்கும். பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட்டை இம்மியளவு சீவி, மேடுபள்ளத்தைச் சமன் செய்யும். வாக்ஸும் சீலன்ட்டும் சீவாது, மேலே படியும். வாக்ஸ் என்பது மெழுகு. அதில் பேர்போனது, பிரேசிலில் வளரும் கார்னாபா பனையின் இலையிலிருந்து எடுப்பது. சீலன்ட் என்பது செயற்கை பாலிமர், பெரும்பாலும் சிலிகான் குடும்பம். எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் கலந்து ‘ஆல் இன் ஒன்’ என்றும் விற்கிறார்கள். அப்புறம் வாங்குகிறவன் எதை எதோடு ஒப்பிடுவான்? (மெகுவயர்ஸ் கம்பெனியே 1901-இல் மரச்சாமான் பாலிஷ் விற்கத்தான் தொடங்கியது. மேஜைக்கும் காருக்கும் ஒரே வார்த்தை ஓடுவதில் ஆச்சரியம் இல்லை.)

என் முதல் பாடம் வண்டி வாங்கிய அன்றே கிடைத்தது. ஷோரூமில் ‘டெஃப்லான் கோட்டிங்’ என்று 4,500 ரூபாய் வாங்கினார்கள். தோசைக்கல்லில் ஒட்டாத அதே டெஃப்லான், சார், அழுக்கே ஒட்டாது என்றார்கள். நானும் தலையாட்டினேன். டெஃப்லான் உருகுவதற்கு 327 டிகிரி சூடு வேண்டும். கல்லில் அது ஒட்டி நிற்பதற்குக் காரணம், அதைச் சூளையில் வைத்துச் சுடுவதுதான். துணியில் தொட்டு பானெட்டில் தடவினால் எப்படிப் பிடிக்கும்? அந்தச் சூட்டில் காரைக் காட்டினால் பெயின்ட்டே கருகிவிடும். பாட்டிலில் வேலை செய்வது அதோடு கலந்த சிலிகானோ மெழுகோதான். பெயர்தான் டெஃப்லான்.

சரி, சொந்தமாகப் பார்த்துவிடலாம் என்று போன பொங்கல் லீவில் இறங்கினேன். பானெட்டைக் கழுவி, களிமண் மாதிரி பிசையும் கிளே பாரால் ஒட்டியிருந்த துகளை எடுத்து, சன்னமான பாலிஷ் ஒன்றைக் கையாலேயே ஒரு மணி நேரம் தேய்த்தேன். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்தேன். இந்தத் துடைப்பைத் தவிர்க்கக் கூடாது. பல பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் போய் உட்கார்ந்து கீறலே இல்லாத மாதிரி காட்டும். இரண்டு வாஷ் ஆனதும் கீறல் பழையபடி வந்து நிற்கும். ஆல்கஹாலில் துடைத்தால் உண்மை முகம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

மாஸ்கிங் டேப் ஒட்டி நான்கு கட்டம் பிரித்தேன். முதல் கட்டத்தில் கார்னாபா வாக்ஸ். இரண்டாவதில் கிரீம் மாதிரி வரும் பாலிமர் சீலன்ட். மூன்றாவதில் சிலிக்கா கலந்த ஸ்ப்ரே, இப்போது எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்களே அந்த ரகம். நான்காவதில் ஒன்றுமே இல்லை, வெறும் பாலிஷ் போட்ட பெயின்ட். கம்பெனிப் பெயர் கேட்காதீர்கள். ஒரு கார், ஒரு பானெட்டை வைத்து யார் வயிற்றிலும் அடிக்க விருப்பமில்லை.

டேப்பை உரித்ததும் மனைவியைக் கீழே கூப்பிட்டு, எது நல்லா பளபளன்னு இருக்கு என்று கேட்டேன். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்த அவசரம் அவளுக்கு. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், நான்காவது கட்டத்தைக் காட்டிவிட்டு மேலே போய்விட்டாள்.

ஒன்றுமே போடாத கட்டம்!

இரண்டு நாள் எனக்கு அது ஜீரணமாகவில்லை. யோசித்தால் நியாயம்தான். மேற்பரப்பு சமமாக இருந்தால் வெளிச்சம் சிதறாமல் திரும்பும். கண்ணுக்கு அதுதான் பளபளப்பு. அந்தச் சமத்தைக் கொடுத்தது பாலிஷும் என் தோள்பட்டை வலியும். மேலே படியும் வாக்ஸோ சீலன்ட்டோ ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம்கூட இருக்காது. கார்னாபா கறுப்பு நிறத்துக்கு ஈரமாக இருக்கிற மாதிரி ஒரு ஆழத்தைக் கொடுக்கிறது என்பார்கள். பக்கத்தில் குனிந்து பார்த்தால் எனக்கும் அப்படித் தோன்றியது. நான்கடி தள்ளி நின்றால் நான்கும் ஒன்றுதான். ஆக, பளபளப்புக்காக விலை உயர்ந்த சீலன்ட் வாங்குகிறவர் தப்பான கடையில் நிற்கிறார்.

வித்தியாசம் பிறகுதான் ஆரம்பித்தது. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு காரைக் கழுவிவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். முத்தாக உருண்டு நின்றால் பூச்சு இன்னும் இருக்கிறது, படர்ந்தால் போய்விட்டது என்று கணக்கு. பிப்ரவரி கடைசியில் கார்னாபா கட்டத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படர ஆரம்பித்துவிட்டது. கார்னாபா மெழுகு 82 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பது உண்மை. ஆனால் டப்பாவில் இருப்பது சுத்த கார்னாபா இல்லை; தடவ வரவேண்டும் என்று கரைப்பானும் மற்ற மெழுகுகளும் எண்ணெயும் சேர்த்து இளக்கியது. நம் ஊர் வெயிலில் கறுப்பு பானெட் 70 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். (கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டரை நீட்டிப் பார்த்தேன். ‘ஹை’ என்று காட்டிக் கைவிரித்துவிட்டது.) சிலிக்கா ஸ்ப்ரே ஏப்ரல் தொடக்கம் வரை வந்தது. கிரீம் சீலன்ட் மே மாதக் கத்திரியையும் தாண்டியது.

ஸ்ப்ரே மோசம் என்று சொல்லவில்லை. பத்து நிமிட வேலை. கிரீமுக்கு ஒரு மணி நேரம் ஆகும், போட்ட பிறகு ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. அந்த நேரத்தில்தான் பாலிமர் பெயின்ட்டைப் பிடித்துக்கொண்டு இறுகுகிறது. அவசரப்பட்டு மறுநாள் காலையிலேயே காரைக் கழுவிவிட்டு சீலன்ட் நிற்கவில்லை என்று திட்டுகிறவர்கள் நிறைய.

தண்ணீர் முத்தாக நிற்பதே பாதுகாப்பு என்று நினைப்பதும் பாதி உண்மைதான். எங்கள் ஏரியா போர் தண்ணீர் உப்பு. முத்து அப்படியே வெயிலில் காய்ந்தால், ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுவிட்டுப் போகும். சீலன்ட் போட்ட கட்டத்தில்தான் அந்த வளையங்கள் அச்சடித்த மாதிரி இருந்தன. வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் கழுவினால் போகும். அதற்குப் பதில் கழுவிய கையோடு துடைத்துவிடுவது சுலபம்.

ஏப்ரலில் இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால், காக்கா எச்சம் சரியாக முதல் கட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் விழுந்து காய்ந்து கிடந்தது. எனக்குக் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் வந்தது. நனைத்து ஊறவைத்து எடுத்தேன். மெழுகு எப்போதோ போயிருந்த பக்கம் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குக் குழி. சீலன்ட் பக்கமும் தடம் இருந்தது, ஆனால் லேசாக. இரண்டு தேய்ப்பில் போய்விட்டது. வெயிலில் கிளியர் கோட் இளகி, ராத்திரி இறுகும்போது காய்ந்த எச்சத்தின் அச்சு அப்படியே பதிந்துவிடும். சீலன்ட் இருந்தால் எச்சம் ஒன்றும் செய்யாது என்பது பொய். சீலன்ட் நமக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கிக் கொடுக்கும். அவ்வளவுதான்.

என் மச்சினன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “என்ன மாமா, நீங்க இன்னும் மெழுகு காலத்துலயே இருக்கீங்க” என்றான். அவன் புதுக் காருக்கு 28,000 ரூபாயில் செராமிக் (பெயின்ட்டின் மேல் கண்ணாடி மாதிரி இறுகும் பூச்சு) போட்டிருக்கிறான். “9ஹெச் மாமா. வைரம் பத்துன்னா இது ஒன்பது.” அங்கேதான் ஏமாற்று. 9ஹெச் என்பது பென்சில் அளவுகோல். பென்சிலை வைத்துக் கீறிப் பார்க்கிற சோதனை அது, வைரத்தைப் பத்தில் வைக்கிற மோஸ் அளவுகோல் வேறு. சரியாகப் போட்ட செராமிக் இரண்டு வருடத்துக்கு மேல் நிற்கும், கழுவுவதும் சுலபம், மறுக்கவில்லை. ஆனால் புங்கமரத்தடியில் நிற்கிற பழைய காருக்கு, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் சீலன்ட்டை நான்கு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்வதே என் கணக்கில் சரி. ஒரு பாட்டில் இரண்டு மூன்று வருடம் வரும்.

வருடா வருடம் சர்வீஸில் விடும்போது ‘ரப்பிங் பாலிஷ்’ போடச் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளியர் கோட்டின் கனம் 40, 50 மைக்ரான், தலைமுடியைவிட மெலிசு. ஒவ்வொரு ரப்பிங்கும் அதிலிருந்துதான் எடுக்கிறது.

இவ்வளவும் செய்துவிட்டு பானெட்டை டார்ச் அடித்துப் பார்த்தால், ஜூனில் நான்கு கட்டத்திலும் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். சீலன்ட் போட்ட இடம், போடாத இடம் என்று பாகுபாடே இல்லை. எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்கு வரிசையாக எல்லாக் காரையும் துடைக்கும் அண்ணன், முந்தின காரின் மண்ணோடு அதே துணியை என் பானெட்டில் இழுக்கிறார். எந்த பாலிமரும் மண்ணை ஜெயிக்காது. அவருக்கு நான்கு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்தேன், தண்ணீர் அடிக்காமல் துடைக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கையில் அதே பழைய பனியன் துணி. “அண்ணே, நான் கொடுத்தது எங்கே?” என்றேன்.

“நல்ல துணி சார், அழுக்காயிடும்னு வீட்ல பத்திரமா மடிச்சு வெச்சிருக்கேன்” என்றார்.