டயாலிசிஸ் நடக்கும்போதே பாலியேட்டிவ் சிகிச்சை வேண்டும்

டயாலிசிஸ் நோயாளிகளைப் பற்றிய ஒரு கூட்டத்திலிருந்து நான் பாதியில் எழுந்து போனேன். ஏன் என்று அங்கே வந்திருந்தவர்களுக்குத் தெரியும். "டயாலிசிஸ்தான் நல்லபடியாகப் போகிறதே, பாலியேட்டிவ் கேர் எதற்கு? அது கடைசிக் கட்டத்துக்கு" என்று மேடையில் இருந்த மருத்துவர் சொன்னார். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். நோயாளியின் வலியையும் மற்ற அவதிகளையும் குறைத்து, அவருக்குத் துணை நிற்கும் சிகிச்சைதான் பாலியேட்டிவ் கேர். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நல்லபடியாகப் போகிறது என்று யார் சொன்னது? ரிப்போர்ட் சொன்னது. நோயாளியை யாராவது கேட்டீர்களா?

என் அம்மா சிறுநீரகம் செயலிழந்து பல வருடம் டயாலிசிஸில் இருந்தார். வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். அந்த 4 மணி நேரத்தைப் பற்றிப் பேச எல்லோரும் இருக்கிறார்கள். மீதி நேரத்தைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. ராத்திரி முழுக்கச் சொறிந்து சொறிந்து முதுகில் ரத்தம் வரும். படுத்தால் கால் சும்மா இருக்காது, ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டயாலிசிஸ் முடிந்து வந்த மாலையில் பேசக்கூடத் தெம்பிருக்காது. அரிப்பு என்று சொன்னால் "ரத்தத்தில் பாஸ்பரஸைக் குறையுங்கள்" என்பார்கள். குறைத்தோம், அரிப்பு நிற்கவில்லை. கடைசியில் பாலியேட்டிவ் மருத்துவர் ஒருவர்தான் டயாலிசிஸ் முடிந்தபின் போட்டுக்கொள்ளச் சிறிய அளவில் கபாபென்டின் என்ற மருந்தை எழுதிக் கொடுத்தார். அம்மா தூங்கினார். தூக்கம் கடைசிக் கட்டத்தில்தான் வர வேண்டுமா?

"வலிக்கு மாத்திரை நாங்களே தருகிறோமே" என்பீர்கள். சிறுநீரகம் செயலிழந்தவருக்குக் கடும் வலிக்குத் தரும் மார்ஃபினைக் கொடுத்தால், அது உடைந்து உண்டாகும் பொருட்கள் வெளியேறாமல் உடம்பிலேயே தேங்கும். குழப்பம், உதறல், மூச்சு மந்தமாவது வரை போகும். இவர்களுக்கு ஃபென்டானில், பியூப்ரினார்பின் போன்ற வேறு வலி மருந்துகள் மேல். இதெல்லாம் தெரிந்து பார்த்துக் கொடுக்கத்தான் பாலியேட்டிவ் துறையே இருக்கிறது. ஆயுளை நீட்டிக்கும் சிகிச்சையோடு சேர்த்து, நோயின் ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் சிகிச்சை தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2002லேயே சொல்லிவிட்டது. டயாலிசிஸை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல இப்போது எனக்குப் பொறுமையில்லை.

"இதையெல்லாம் பேசினால் நோயாளி மனம் உடைந்துவிடுவார்" என்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். அம்மா ஒருநாள், "இதை நிறுத்தினால் என்ன ஆகும்?" என்று கேட்டார். "அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று மருத்துவமனையில் அதட்டினார்கள். சின்னப் பிள்ளையை அதட்டுவதுபோல. அதன்பிறகு அவர் எங்களிடம்கூட அதைக் கேட்கவில்லை. ரொம்ப நாள் கழித்து அந்த பாலியேட்டிவ் மருத்துவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னார். நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம்தான் உயிர் இருக்கும், அந்த நாட்களில் மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் மருந்து உண்டு, தனியாக விடமாட்டோம் என்றார்.

அதைக் கேட்ட பிறகும் அம்மா டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். மனம் ஒன்றும் உடையவில்லை. பயமில்லாமல் போனார். அதற்கு முன்பு பயந்து பயந்து போன வருடங்களுக்கு யார் பொறுப்பு?