நேற்றைய ஸ்கிரீன்ஷாட்டில் வெட்டப்பட்ட எண்

நேற்று முழுவதும் சுற்றிவந்த அந்த ஸ்கிரீன்ஷாட்டை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். நான் பராமரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தின் இணையதளத்துக்கு ஒரே மாதத்தில் 41,000 பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து வரும் இணைப்பு) ஏறியிருப்பதாக, அவற்றை எண்ணும் ஒரு கருவியின் வரைபடத்தில் ஒரு கோடு செங்குத்தாக நிற்கிறது; கீழே, 'யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று ஊருக்கே தெரியும்' என்று ஒரு வரி. கூகுள் தேடலில் தளத்தை மேலே ஏற்ற நான் இணைப்புகளை விலைக்கு வாங்கினேன் என்பதுதான் அதன் பொருள். என் பெயரைப் போடாமல் விட்ட பெருந்தன்மைக்கு நன்றி.

அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு எண்ணை, படம் போட்டவர் வெட்டாமல் விட்டிருந்தால் இந்தப் பதிவுக்கே தேவை இருந்திருக்காது. அத்தனை இணைப்புகளும் வந்த டொமைன்கள், அதாவது தனித்தனித் தளங்கள், மொத்தம் 63. அவற்றிலும் ஏறக்குறைய 40,000 இணைப்புகள் ஒரே தளத்தினுடையவை. எங்கள் பொருள்களை வாங்கி விற்கும் ஒரு விற்பனைத் தளம், தன் ஃபுட்டரில் (பக்கத்தின் அடிப்பகுதியில்) எங்கள் முகவரியைச் சேர்த்திருக்கிறது. ஃபுட்டரில் ஒருமுறை போட்ட இணைப்பு அத்தளத்தின் எல்லாப் பக்கங்களிலும் தோன்றும். நிறம், அளவு என்று வடிகட்டும்போது உருவாகும் முகவரிகளும் தனித்தனிப் பக்கங்களாக எண்ணப்படும். ஒருவர் ஒருமுறை சொன்னதை 40,000 பேர் சொன்னதாகக் கணக்கெழுதியிருக்கிறது அந்தக் கருவி. அதைக் குற்றப்பத்திரிகையாக வாசித்தவர் நம் நண்பர்.

பட்டியலைத் திறந்து பாருங்கள் என்பதைத்தான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். எந்தத் தளங்கள், எந்தப் பக்கத்துக்கு, எந்தச் சொற்களில் இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்பதைக் கூகுள் சர்ச் கன்சோல் தள உரிமையாளருக்கு இலவசமாகவே காட்டுகிறது. விலைக்கு வாங்கிய இணைப்புகளில் பெரும்பாலும் விற்பனைச் சொல்லே மாற்றமின்றித் திரும்பத் திரும்ப வரும். எங்கள் பட்டியலில் வருவது நிறுவனத்தின் பெயர் மட்டுமே.

'மற்ற 62 தளங்கள் யோக்கியமா?' என்று கேட்பார்கள். சில குப்பைதான். படங்களைச் சுருட்டி அடுக்கும் தளங்களும், டொமைன் பெயர்களைத் தானாகத் தொகுத்து வெளியிடும் தளங்களும் யாரைத்தான் விட்டுவைத்தன? 'ஆபத்து மதிப்பெண் சிவப்பில் இருக்கிறதே' என்பவர்களுக்கு: அது அந்தக் கருவியை விற்பவர் வைத்துக்கொண்ட மதிப்பெண், கூகுளுடையது அன்று. மோசமான இணைப்புகளைப் பிடிக்கக் கூகுள் தேடலில் 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் மாற்றம் பல தளங்களைக் கீழே தள்ளியது உண்மை. ஆனால் 2016 செப்டம்பர் முதல் அது தளத்தைத் தண்டிப்பதைவிட, மோசமான இணைப்புகளின் மதிப்பை நீக்கிவிடுவதையே செய்கிறது. சிலருக்கு மட்டும் 2012 இன்னும் முடியவில்லை.

எனக்கும் அந்த அச்சம் இருந்ததை மறைக்கப் போவதில்லை. 'இந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே' என்று கூகுளிடம் சொல்ல உதவும் டிசவோ கருவியைக் கூகுள் வெளியிட்ட புதிதில், என்னை நம்பிய ஒருவரின் தளத்தில் எண்ணிக்கை திடீரென ஏறியதைக் கண்டு, ஒன்றையும் திறந்து பாராமல், வந்த டொமைன்கள் அனைத்தையும் கோப்பில் எழுதிப் பதிவேற்றினேன். பழைய வாடிக்கையாளர் ஒருவர் அந்த நிறுவனத்தைப் பாராட்டித் தம் கைப்பட எழுதிய கட்டுரையும் அதில் அடித்துச் செல்லப்பட்டது. பிறகு வருகை குறைந்தது. அதற்கு இதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. தளத்தின் சொந்தக்காரரோ, 'நீங்கள் செய்தால் சரியாகத்தான் இருக்கும்' என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

எல்லா ஏற்றமும் அப்பாவித்தனமானது என்று நான் சொல்வதாகத் திரிக்க வேண்டாம். டொமைன்களின் எண்ணிக்கையே தாவியிருந்தால், சூதாட்டச் சொற்களுடன் நாம் உருவாக்காத பக்கங்களுக்கு இணைப்புகள் வந்திருந்தால், நம் தளத்துக்குள்ளேயே யாரோ நுழைந்து பக்கங்களை ஒளித்து வைத்திருக்கக்கூடும். அன்றே ஆராய வேண்டும். அதுவும் பட்டியலைத் திறந்தால்தான் தெரியும். திறப்பதற்குச் சில நிமிடங்கள். என்னை அழைத்துக் கேட்பதற்கு அதைவிடக் குறைவு. என் எண் படம் போட்ட நண்பரிடம் இருக்கிறது, இந்தத் தொழிலின் முதல் பாடங்களை அவர் கேட்டுக்கொண்டதும் அந்த எண்ணில்தான். அழைத்தவர் அவரல்லர், நிறுவனத்தின் உரிமையாளர். நள்ளிரவில், 'தளத்தை மூடிவிடலாமா?' என்று கேட்டார்.

அந்த விற்பனைத் தளம் இன்று காலை தன் ஃபுட்டரை மாற்றிவிட்டது. வரும் வாரங்களில் இதே கோடு செங்குத்தாகக் கீழே விழும். அதையும் படம் பிடிப்பீர்கள் என்று தெரியும். டொமைன்களின் எண்ணிக்கையும் தெரியும்படி வெட்டுங்கள்.