கடைசிவரை ஒன்றும் கிடைக்காத வேலை

அமெரிக்க வானியலாளர் ஜில் டார்ட்டர் என்ற பெயரை நான் முதலில் படித்தது வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய கட்டுரையில் இல்லை. நட்சத்திரமாகிற அளவுக்கு எடை சேராமல், கிரகம் என்றும் சொல்ல முடியாமல் நடுவில் நின்றுபோன பொருள்கள் வானத்தில் உண்டு. ஆங்கிலத்தில் பிரவுன் டுவார்ஃப், தமிழில் பழுப்புக் குள்ளன். 1975-ல், முனைவர் பட்டம் வாங்கிய காலத்தில், அந்தப் பெயரை வைத்தவர் இவர். அன்றைக்கு அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. கணக்குப்படி இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1995-ல்தான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கண்ணில் பட்டது. இருபது வருஷம். இல்லாததைத் தேடி ஏன் காசைக் கரைக்கிறீர்கள் என்று அந்த இருபது வருஷத்தில் எந்த அரசியல்வாதியும் சண்டைக்கு வந்து நான் படித்ததில்லை.

அதே ஆள் வேற்றுலக நாகரிகத்தைத் தேடப் போனதும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

(இந்தத் துறைக்கு ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து செட்டி என்று பெயர். தமிழில் அப்படி எழுதினால் கதை வேறெங்கோ போய்விடும். தேடல் என்றே எழுதுகிறேன்.)

1944-ல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் அப்பா இறந்துவிட்டார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்தபோது வகுப்பில் சுமார் 300 பேர், பெண் இவர் ஒருவர்தான். இரவானால் பெண்கள் விடுதியைப் பூட்டிவிடுவார்கள். பையன்கள் கூடி உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு என்று கணக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்க, இவர் பூட்டிய கதவுக்கு உள்ளே எல்லாக் கணக்கையும் தனியாகப் போட்டார். நம் ஊர் மகளிர் விடுதிகளில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தேடலுக்குள் அவர் வந்தது ஒரு பழைய கம்ப்யூட்டரால். பெர்க்லியில் ஸ்டூவர்ட் பாயர் என்ற பேராசிரியர் ரேடியோ தொலைநோக்கியில் வரும் தரவை வைத்துத் தேடலாம் என்று திட்டம் போட்டார். கையில் பணம் இல்லை. யாரோ தானமாகக் கொடுத்த பிடிபி-8எஸ் என்ற கம்ப்யூட்டர் மட்டும் இருந்தது. அதற்கு நிரல் எழுதத் தெரிந்தவர் டார்ட்டர். பாயர் ஒரு தடித்த நாசா அறிக்கையைப் படிக்கக் கொடுத்தார். மனிதர்கள் சாமியாரிடமும் தத்துவவாதியிடமும் காலங்காலமாகக் கேட்ட கேள்விக்கு ஆன்டெனாவை வைத்து விடை தேடலாம் என்று அது சொன்னது. அத்தோடு டார்ட்டர் வேறு பக்கம் திரும்பவில்லை.

இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன். என் கோபமே அங்கேதான். கொலம்பஸ் அமெரிக்காவில் இறங்கி 500 வருஷம் ஆன நாள், 1992 அக்டோபர் 12. அன்று நாசா தன் தேடலை முறைப்படி தொடங்கியது. கேலி வேண்டாமே என்று பெயரைக்கூட நுண்ணலை ஆய்வு என்கிற மாதிரி மாற்றி வைத்திருந்தார்கள். ஒரே வருஷம். 1993-ல் நெவாடா செனட்டர் ரிச்சர்ட் பிரையன் நிதியை வெட்டவைத்தார். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் செவ்வாய்வாசி வேட்டை இத்தோடு முடியட்டும் என்று அறிக்கையும் விட்டார். நாசாவின் மொத்தச் செலவில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வேடிக்கை என்னவென்றால், மூன்று வருஷம் கழித்து அதே நெவாடா, சுற்றுலா ஆட்கள் வரட்டும் என்று ஒரு சாலைக்கு வேற்றுக்கிரகவாசி நெடுஞ்சாலை என்று பெயர் வைத்தது. தேடினால் வீண், போர்டு வைத்து டி-ஷர்ட் விற்றால் வருமானம்.

டார்ட்டரும் கூட்டாளிகளும் தனியார் பணத்தைத் திரட்டினார்கள். எரிந்த சாம்பலிலிருந்து எழும் பறவை என்று ஃபீனிக்ஸ் எனத் திட்டத்துக்குப் பெயர். 1995 முதல் 2004 வரை, ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ், மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க், போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ என்று மாறி மாறிப் போய்ச் சுமார் 800 நட்சத்திரங்களைப் பார்த்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 1997 ஜூனில் கிரீன் பேங்கில் நடந்தது. ஒரு சிக்னல் வந்தது. தொலைநோக்கியை நட்சத்திரத்தின் மேல் வைத்தால் இருக்கிறது, விலக்கினால் இல்லை. திரும்ப வைத்தால் மறுபடி இருக்கிறது. வழக்கமாக இப்படி வந்தால் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் இரண்டாவது தொலைநோக்கியிடம் கேட்பார்கள். பூமி சுழல்வதால் ஒரே அலை இரண்டு இடத்திலும் சற்றே வேறு அதிர்வெண்ணில் வந்து விழும். நட்சத்திரத்திலிருந்து வந்தால் அந்த வித்தியாசம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கு இருக்கும். ஆனால் அன்று பார்த்து ஜார்ஜியாவில் இடி விழுந்து அது படுத்துவிட்டது.

அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் கொண்டாடத் தொடங்கியிருப்பேன். டார்ட்டர் அப்படிச் செய்யவில்லை. கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க அந்தச் சிக்னலைப் பொய்யாக்கத்தான் முயன்றார். கடைசியில் அது சூரியனை ஆராயும் சோஹோ விண்கலம் என்று தெரிந்தது. தொலைநோக்கியின் பக்கவாட்டில் கசிந்து உள்ளே வந்திருக்கிறது. அவரே ஓரளவுக்கு மாதிரியாக இருந்த கதாநாயகி திரையில் சிக்னலைக் கண்டுபிடித்த கான்டாக்ட் என்ற ஹாலிவுட் படம் வெளியானது அடுத்த மாதம்தான்.

வாழ்நாள் முழுக்க எதற்காகக் காத்திருந்தாரோ அது வாசலில் வந்து நிற்கிற மாதிரி இருக்கும்போது, இல்லை, இது அது இல்லை என்று முதலில் தானே சொல்வது. இந்த வேலையின் திறமை முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அப்புறம், அரசாங்கம் எல்லாவற்றையும் மறைக்கிறது என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிற நண்பர்களுக்கு ஒன்று. அன்று சரிபார்ப்பு முடியும் முன்பே பத்திரிகை நிருபர் போன் போட்டு விசாரித்துவிட்டார். மூடி வைக்க ஆளே இல்லை.

எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. நாமே கேபிளுக்கு மாறிக்கொண்டிருக்கும்போது அவர்கள் மட்டும் ரேடியோவில் கத்திக்கொண்டிருப்பார்கள் என்று என்ன நிச்சயம்? டார்ட்டரும் ரேடியோவே கதி என்று இருக்கவில்லை. அறிவைத் தூரத்திலிருந்து அளக்க வழியில்லை, தொழில்நுட்பம் விட்டுப்போன தடயத்தைத்தான் பார்க்க முடியும் என்று சொல்லி, அதற்கு டெக்னோசிக்னேச்சர் என்று ஒரு சொல்லையும் கொண்டுவந்தார். இதுவரை தேடியது ஒரு டம்ளர் கடல்நீர், அதில் மீன் இல்லை என்பதால் கடலில் மீன் இல்லை என்பீர்களா என்று கேட்டவரும் அவர்தான். 2018-ல் வேறு சிலர் அந்தக் கணக்கைப் புதுப்பித்தார்கள். டம்ளர் போய் ஒரு சின்ன நீச்சல் குளம் அளவுக்கு வந்திருக்கிறது.

கலிஃபோர்னியாவின் ஹேட் கிரீக்கில், மைக்ரோசாஃப்ட் பால் ஆலன் பணத்தில் இதற்கென்றே ஆன்டெனாக்கள் நட்டார்கள். 350 என்று திட்டம், கிடைத்த பணத்துக்கு 42 வந்தது. 2011 ஏப்ரலில் ஓட்டும் செலவுக்கே வழியில்லாமல் நிறுத்திவைத்தார்கள். பொதுஜனம் இணையத்தில் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் போட்டு, டிசம்பரில் மறுபடி ஓடியது.

2012-ல், 68 வயதில், டார்ட்டர் ஆய்வுப் பொறுப்பிலிருந்து விலகினார். எதற்கு என்று கேட்டால், முழு நேரமும் நிதி திரட்ட.