கியூவில் நின்ற தமிழாசிரியர்

(ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஆங்கில எழுத்துக் காய்களை அடுக்கிச் சொல் அமைத்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டம் ஸ்கிராபிள்; பேரன் விட்டுச்சென்ற அதன் பலகையின் இருபுறமும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் தாமோதரனும் அவருடைய மனைவி விசாலாட்சியும் அமர்ந்திருக்கிறார்கள். ஆசிரியர் கால் மணி நேரமாகக் காயை நகர்த்தவில்லை.)

விசாலாட்சி: காப்பி ஆறிவிட்டது. இன்னும் என்ன யோசனை?

தாமோதரன்: ரேஷன் கடையில் முப்பது ஆண்டுகள் நான் கியூவில் நின்றேன்; இப்போது கியூ என் கையில் வந்து நிற்கிறது, நகர மறுக்கிறது. இதன் பின்னால் வர வேண்டிய யூ என்னிடம் இல்லை.

விசாலாட்சி: யூ இல்லாமலும் கியூ வரும்.

தாமோதரன்: எப்படி வரும்? நம் மொழியில் ஙகர மெய்க்குப் பின்னால் ககரம் வருவதைப்போல, அவர்கள் மொழியில் கியூவுக்குப் பின்னால் யூ வர வேண்டும் என்பது விதி. மாப்பிள்ளையைத் தனியாக அனுப்பிவிட்டுப் பெண்ணை வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியுமா?

விசாலாட்சி: அப்படியானால் கடிதத்தின் முடிவில், கையெழுத்துக்கு மேலே, ‘இங்ஙனம்’ என்று எழுதுகிறீர்களே, அங்கே ககரம் எங்கே போயிற்று?

தாமோதரன்: (சற்று நேர மௌனத்துக்குப் பின்) அது விதிவிலக்கு.

விசாலாட்சி: அவர்களுக்கும் விதிவிலக்கு உண்டு. பலகையில் ஓர் ஐ தனியாக இருக்கிறது பாருங்கள். அதற்கு முன்னால் உங்கள் கியூவை வையுங்கள். கியூவுக்குப் பத்து, ஐக்கு ஒன்று, ஆக 11 புள்ளிகள்.

தாமோதரன்: கியூ, ஐ. அதற்குப் பொருள் என்ன?

விசாலாட்சி: சீனர்கள் உடம்பில் ஓடும் உயிர்மூச்சுக்குச் சொல்லும் பெயர், நாம் பிராணன் என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். இன்னும் கேளுங்கள். கியூ, ஏ, டி என்பது ஏமன் நாட்டவர் வாயில் அடக்கி மெல்லும் இலை. எஸ், யூ, கியூ என்பது அரபு நாட்டுச் சந்தை.

தாமோதரன்: மூச்சு சீனாவிலிருந்தும், இலை ஏமனிலிருந்தும், சந்தை அரபு நாட்டிலிருந்தும் வந்தால், இதில் ஆங்கிலம் எங்கே இருக்கிறது?

விசாலாட்சி: கடன் வாங்கியே பணக்காரரான மொழி அது. உங்களுக்கு ஏன் கவலை? வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு சி, டபிள்யூ, எம் என்று மூன்றே எழுத்துகள்தாம். மலைப் பள்ளத்தாக்கு என்று பொருள்.

தாமோதரன்: ஓர் உயிரெழுத்துகூட இல்லையே! உயிர் இல்லாத மெய்யை ஊரார் பிணம் என்பார்கள், நீ சொல் என்கிறாய்.

விசாலாட்சி: அந்தப் பிணத்துக்கு 10 புள்ளிகள் கிடைக்கின்றன. தவிரவும், வேல்ஸ்காரர்கள் டபிள்யூவையே உயிராக ஒலிக்கிறார்களாம்.

தாமோதரன்: (கியூவை வைத்து 11 என்று குறித்துக்கொண்டு) வைத்துவிட்டேன். ஆனாலும் பொருளை உணராமல் எழுத்தை மட்டும் அடுக்குவது எனக்கு உடன்பாடில்லை.

விசாலாட்சி: நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பவர், பிரெஞ்சு பேசத் தெரியாமலே, பிரெஞ்சுச் சொற்பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்து, 2015-ஆம் ஆண்டு அந்த மொழி ஆட்டத்தில் உலகப் பட்டம் வென்றார்.

தாமோதரன்: பொருள் தெரியாமல் செய்யுளை ஒப்பித்த பிள்ளைகளுக்கு நான் மதிப்பெண்ணைக் குறைத்தேன், அங்கே பட்டமே கொடுக்கிறார்களா? போகட்டும், இந்த எஸ்ஸை ஏன் இத்தனை கஞ்சத்தனமாகக் கொடுத்திருக்கிறார்கள்? ஈ மட்டும் தெருவெல்லாம் மொய்க்கிறது.

விசாலாட்சி: ஆட்டத்தை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் ஒரு கட்டடக் கலைஞர். 1930-களில் செய்தித்தாள்களை விரித்து வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, 100 காய்களில் ஈயை 12 ஆக்கினார். எஸ்ஸை வேண்டுமென்றேதான் நான்கோடு நிறுத்தினார். அது அதிகமிருந்தால் எவர் வேண்டுமானாலும் எந்தச் சொல்லையும் பன்மையாக்கிப் புள்ளி எடுத்துவிடுவாரே.

தாமோதரன்: (பையிலிருந்து ஒரு காயை எடுத்து) டி வந்தது. இப்போது என்னிடம் இருப்பவை ஓ, டி, எச், ஈ, சி, ஆர், இன்னோர் ஓ. ஒன்றும் தேறாது.

விசாலாட்சி: பிடிக்காவிட்டால் எல்லாவற்றையும் பையில் போட்டுவிட்டு வேறு ஏழு காய்களை எடுக்கலாம், ஆனால் அந்த முறை ஆட முடியாது.

தாமோதரன்: பள்ளிக்கு ஒரு நாள் விடுப்பு எடுக்காதவன், ஆட்டத்துக்கு எடுப்பேனா? வழி சொல்.

விசாலாட்சி: காய்களை ஒரே வரிசையில் முறைத்துக்கொண்டிருக்காமல் இடம் மாற்றிப் பாருங்கள். அடிக்கடி சேர்ந்து வரும் சி, எச் போன்றவற்றை ஒட்டி வையுங்கள். தமிழிலிருந்து போன சொற்களையும் நினைத்துப் பாருங்கள். கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் அவர்களுடைய அகராதியில் ஏறியிருக்கின்றனவே. ஏழு காய்களையும் ஒரே முறையில் வைத்துவிட்டால் தனியாக 50 புள்ளிகள் கிடைக்கும்.

தாமோதரன்: தமிழிலிருந்து போனவையா? (காய்களை மளமளவென்று அடுக்குகிறார்.) சி, எச், ஈ, ஆர், ஓ, ஓ, டி, பலகையில் கிடக்கும் எஸ் கடைசியில். செரூட்ஸ்! நம் சுருட்டுத்தான் அது! சிறப்புக் கட்டங்களைச் சேர்க்காமலே 13, அதனுடன் 50, ஆக 63 புள்ளிகள்!

(நெடிய அமைதி.)

விசாலாட்சி: நீங்கள் சுருட்டை விட்டு எத்தனை ஆண்டுகள் ஆகின்றன?

தாமோதரன்: பன்னிரண்டு ஆண்டுகள். உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேனே.

விசாலாட்சி: நாற்பது ஆண்டுகளாக என் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறவர் நீங்கள். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொடாத பொருளின் பெயர் மட்டும், இரட்டை ஓ உட்பட, பிழையில்லாமல் எப்படி நினைவில் நிற்கிறது? பெட்டியின் மேல் அண்மையில் படித்தீர்களோ?

தாமோதரன்: (காய்களை அவசரமாகத் திரட்டி) இந்த முறை நான் ஆடவில்லை, விசாலம். ஏழு காய்களையும் பையில் போட்டுவிடுகிறேன்.

விசாலாட்சி: அந்தப் பை இருக்கட்டும். முதலில் சட்டைப் பையைக் காட்டுங்கள்.