பாசே மலையில் கூடாரத்துக்குள் நிற்கும் கோயில்

கிரேக்கக் கோயில் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு ஏதென்ஸ் நகரின் பார்த்தெனான்தான் கண்முன் வரும். அதன் பெருமையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால், தென்கிரேக்கத்தின் பெலோப்பொனீஸ் மலைகளில் 1,100 மீட்டருக்கும் மேலான உயரத்தில், பாசே என்னும் இடத்தில் நிற்கும் அப்பல்லோ கோயிலைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசப்படுவது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

அங்குள்ள அப்பல்லோவுக்கு எபிகூரியோஸ், அதாவது 'துணைநிற்பவன்' என்று பெயர். கொள்ளைநோயிலிருந்து தங்களைக் காத்ததற்காக ஃபிகாலியா ஊரார் எடுப்பித்த கோயில் இது என்றும், பார்த்தெனானை உருவாக்கிய இக்டினோஸே இதையும் கட்டினார் என்றும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பௌசனியாஸ் எழுதிவைத்திருக்கிறார். இக்டினோஸ் பற்றிய கூற்றை அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். கோயில் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை.

வெளியே டோரிக் என்னும் எளிய பாணித் தூண்கள், முகப்பில் 6, பக்கவாட்டில் 15. பெரும்பாலான கிரேக்கக் கோயில்கள் கிழக்கு மேற்காக அமைய, இது வடக்கு தெற்காக நீள்கிறது. கருவறைக்குள் நுழைந்தால், குறுஞ்சுவர்களோடு ஒட்டிய, உச்சியில் சுருள் வடிவம் கொண்ட அயோனிக் பாணித் தூண்கள் இருபுறமும் வருகின்றன. அவற்றைக் கடந்து தென்கோடியில் ஒற்றைத் தூண் ஒன்று நின்றது. அதன் உச்சியில், நம் கோயில் தூண்களில் போதிகை அமரும் இடத்தில், அகாந்தஸ் என்னும் முள்ளிலையைச் செதுக்கியிருந்தார்கள். இன்று நமக்குத் தெரிந்தவரை உலகின் முதல் கொரிந்தியன் தூண் அதுதான். ரோமின் பாந்தியன் முதல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முகப்பு வரை பரவிய ஒரு வடிவத்தின் மிகப் பழைய சான்று, ஆடுமாடு மேயும் ஒரு மலைச்சரிவில் தனியாக நின்றிருக்கிறது! அந்தத் தலைப்பகுதி உடைந்து போனதால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கண்டவர்கள் வரைந்த படங்களைக் கொண்டுதான் இன்று அதன் முழு உருவத்தை அறிகிறோம்.

அதே கருவறையின் நான்கு பக்கமும், தூண்களுக்கு மேலே, ஏறத்தாழ 31 மீட்டர் நீளத்துக்குச் சலவைக்கல் சிற்பவரிசை ஒன்று ஓடியது. அமேசான் பெண் வீரர்களோடு கிரேக்கர் பொருதும் காட்சிகளும், பாதி மனிதனும் பாதி குதிரையுமான சென்டார்களோடு நடந்த போரும் அதில் உள்ளன. 1812இல், அப்போது கிரேக்கத்தை ஆண்ட ஒட்டோமான் ஆளுநரிடம் அனுமதி பெற்ற ஐரோப்பியர் குழு ஒன்று, இடிபாடுகளுக்குள் கிடந்த அதன் 23 பலகைகளையும் எடுத்துச் சென்று ஏலத்தில் விற்றது. அவற்றை வாங்கியது பிரிட்டன். 1815 முதல் அவை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இந்த உருவங்கள் தடித்தவை, கரடுமுரடானவை, பார்த்தெனான் சிற்பங்களின் நயம் இல்லாதவை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒப்பீட்டை என்னால் ஏற்க முடியவில்லை. வெளிச்சம் குறைந்த கருவறையில் அண்ணாந்து பார்க்கும் கண்களுக்காக, நிழல் ஆழமாக விழும்படி வெட்டப்பட்ட உருவங்கள் அவை. அவற்றை விளக்கொளியில் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு நயம் போதவில்லை என்பது, செய்தவனுக்கு இழைக்கும் அநீதி. பலகைகள் எந்த வரிசையில் இருந்தன என்பதுகூட இன்னும் தீராத விவாதம். சுவரிலிருந்து பிரிந்ததால் சிற்பம் தன் பொருளில் ஒரு பகுதியையே இழந்திருக்கிறது.

அதே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பார்த்தெனான் சிற்பங்களைக் கிரேக்கத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற குரல் உலகெங்கும் கேட்கிறது. நானும் அந்தக் குரலோடுதான் நிற்கிறேன். பாசேயின் 23 பலகைகளும் அதே மூச்சில் கேட்கப்பட வேண்டும் என்பதே என் கருத்து. விலை கொடுத்து வாங்கியதாகச் சொல்லலாம். ஆனால் விற்க அனுமதித்தது அந்நிய ஆட்சி. கோயிலை எழுப்பிய மண்ணின் மக்களை அன்று எவரும் கேட்கவில்லை.

சிற்பங்களை இன்றே கருவறைச் சுவரில் ஏற்ற இயலாது என்பது எனக்குத் தெரியும். உறைபனியிலும் மழையிலும் சுண்ணாம்புக்கல் அரிப்பதால், 1987 முதல் அந்தக் கோயில் ஒரு பெரிய கூடாரத்துக்குள் இருக்கிறது. உள்ளே தூண்களைப் பிரித்து, அடித்தளத்தைச் சீராக்கி, மீண்டும் நிறுத்தும் பணி பல ஆண்டுகளாகப் பொறுமையாக நடந்து வருகிறது. ஆனால் மலையடியில் ஒரு நல்ல அருங்காட்சியகம் அமைத்து, கோயிலைப் பார்த்தவர்கள் அதே நாளில் சிற்பங்களையும் பார்க்கும்படி செய்ய முடியும். 1986இல் கிரேக்கத்திலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் முதன்முதலாக இடம்பெற்ற தலம் இதுதான். கூரை உட்பட எல்லாமே கல் என்று பௌசனியாஸ் வியந்து குறித்த அந்தக் கோயிலுக்கு, இன்று துணிதான் கூரை.