95-க்கும் 96-க்கும் நடுவில் ஒரு துண்டு வயர்

நேற்று தோட்டத்துத் தண்ணீர் மோட்டாரின் காயில் எரிந்துவிட்டது. 5 எச்பி, காயில் கட்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்ததும் வயிறு பற்றி எரிந்தது. ஓவர்லோட் ரிலேயில், அதாவது மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் 'விழுந்து' அதை நிறுத்தும் பாதுகாப்புக் கருவியில், 95, 96 என்று எண் போட்ட இரண்டு முனைகளையும் விரல் நீளச் சிவப்பு வயரால் சேர்த்து முறுக்கி வைத்திருக்கிறது. போன மாதம் "அடிக்கடி டிரிப் ஆகுது" என்று நான் கூப்பிட்ட எலக்ட்ரீஷியன் பார்த்த வேலை. "இனிமே விழாதுண்ணே" என்று காசு வாங்கிக்கொண்டு போனார். அது விழாததால்தான் மோட்டாரே போனது!

பச்சைப் பொத்தானை அழுத்தினால், மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் காந்த சுவிட்சான கான்டாக்டரின் காயிலுக்குக் கரண்ட் போகும். அது காந்தமாகி இரும்பை இழுக்கும், டப்பென்று மூன்று ஃபேஸும் சேரும். கையை எடுத்த பிறகும் காயிலுக்குக் கரண்டை விடாமல் கொடுப்பது பக்கத்தில் உள்ள துணை கான்டாக்ட். அந்தக் கரண்ட் 95, 96 வழியாகத்தான் போக வேண்டும். ரிலேக்குள் இரட்டை உலோகப் பட்டைகள் இருக்கின்றன. மோட்டார் அளவுக்கு மேல் ஆம்பியர் இழுத்தால் அவை சூடாகி வளைந்து, 95-96 இணைப்பைப் பிரித்துவிடும். காயில் பிடியை விடும், மோட்டார் நிற்கும். அதன் குறுக்கே வயரைப் போட்டால் பட்டை எவ்வளவு வளைந்து என்ன பயன்?

நேற்று ட்ரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃபியூஸ் போய்விட்டது. ஓடுகிற மோட்டார் ஒரு ஃபேஸ் போனால் உடனே நிற்காது. மீதி இரண்டில் ஏறத்தாழ 1.7 மடங்கு இழுத்துக்கொண்டு முனகியபடி ஓடும். கான்டாக்டர் காயில் அந்த இரண்டு ஃபேஸில் இருந்தால் அதுவும் விடாது. நான் வாய்க்கால் பக்கம் இருந்தேன், வார்னிஷ் கருகிய வாசம் வந்த பிறகுதான் ஓடினேன்.

ரிலே விழுகிறது என்றால் ஏன் விழுகிறது என்று பார்க்க வேண்டாமா? ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரை மூன்று வயரிலும் மாட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகுமா? பேரிங் இறுகியிருக்கலாம், வோல்டேஜ் குறைந்திருக்கலாம், ரிலேயின் டயல் மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்குக் கீழே இருந்திருக்கலாம். ஒன்றையும் பார்க்கவில்லை. நேராக வயரை வெட்டி முறுக்கிவிட்டார்.

இவர் ஒருவர் மட்டும் இல்லை. லோ வோல்டேஜில் கான்டாக்டர் கடகடவென்று அடிக்கிறது என்று உள்ளே குச்சியைச் செருகி வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது மோட்டார் தானே ஓடத் தொடங்குமே, அப்போது பெல்ட்டில் ஒருவன் கை வைத்திருந்தால்?

பட்டறையில் நான்கு நாள் கேட்கிறார்கள். கத்தரி இன்றைக்கே தலை தொங்குகிறது. அந்தச் சிவப்பு வயரைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், அவர் வந்ததும் கையில் கொடுத்துக் கேட்க.